ரோட்டுக்கு அடியில் இரண்டு படிகள்

எங்கள் வீட்டுக்குள் வர ஒரு படி இறங்க வேண்டும். அம்மா 1979இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் வாசலுக்கு வந்தாராம். கடப்பைக் கல் பதித்த படிகள். சாயங்காலம் ஆனால் அதில் உட்கார்ந்துதான் பூ கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, அக்கம்பக்கத்துக் கதை பேசுவது எல்லாம். அந்தப் படிகளை யாரும் இடிக்கவில்லை, பெயர்த்து எடுக்கவும் இல்லை. இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் ரோடு இருக்கிறது.

வட சென்னையில் தண்டையார்பேட்டையின் பழைய தெருக்களில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருக்கும். வாசற்படியில் செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசி ஒரு தடுப்பு இருக்கும். வயசானவர்கள் அந்தத் தடுப்பைத் தாண்டும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறை ரோடு போட்ட பிறகும் தடுப்பு இன்னும் ஒரு செங்கல் உயரும். எங்கள் வீட்டுத் தடுப்பை 2015 டிசம்பர் மழை தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தாண்டியது. அம்மாவைக் கட்டில் மேல் உட்கார வைத்துவிட்டு, பீரோவின் கீழ்த் தட்டில் இருந்ததை எல்லாம் எடுப்பதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வெறும் மழைத் தண்ணீராக இருந்தால் துணியைக் காயப்போட்டு எடுத்து வைத்திருப்பேன். வந்தது சாக்கடை கலந்த தண்ணீர். அம்மாவின் கல்யாணப் புடவையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிடிபி வேலையும் உண்டு. அதில் பாதி மனு அடித்துக் கொடுப்பது. முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று தினமும் நாலைந்து வரும். 'பெறுநர்', 'பொருள்', 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே கிடையாது. அந்த ஐந்து வருஷத்துக்கு மேல் 'பெறுநர்' என்ற இடத்தில் ஏதாவது ஓர் அதிகாரியின் பதவியைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் முடிந்த வாரம் ஒரு பாட்டி வந்து, "கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதும்மா" என்றார். அந்த வார்த்தையை அடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. 200 வார்டில் பாதி பெண்களுக்கு ஒதுக்கிய தேர்தல் அது. திரு.வி.க. நகரிலிருந்து பிரியா மேயராக வந்தபோது அம்மா டிவி முன்னால் கைதட்டினார். 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயர் எங்கள் பக்கத்துப் பெண்.

இத்தனை மனு அடித்த நான், எங்கள் தெரு ரோட்டின் உயரத்தைப் பற்றி ஒரு மனுகூட அடித்ததில்லை. யாரும் கேட்டதில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் செய்யலாம். குப்பை எடுக்கவில்லை என்றாலும் செய்யலாம். கெட்டுப்போன பொருளுக்குத்தான் புகார். புதிதாகப் போட்ட ரோடு பளபளவென்று இருக்கும், பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கு யார் போய்ப் புகார் கொடுப்பது? மழை வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துப் பணமும் வாங்கியிருப்பார். ரோடு எப்படிப் போட வேண்டும் என்பது பல மாதங்களுக்கு முன்னால் எஸ்டிமேட் போடும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை. ஒரு தடவை குழாய் மாற்றத் தெருவைத் தோண்டியபோது பள்ளத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். கறுப்பாகத் தார், அடியில் சாம்பல் நிற ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி. விரல் வைத்து எண்ணினேன். ஐந்து ரோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. ஐந்தில் ஒன்றுக்காவது தெருவில் யாரையாவது கேட்டிருப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "ரோடு போடறதுக்கு நம்மள எதுக்குக் கேக்கணும்?" என்றார். அம்மாவுக்கு அப்படித்தான் பழக்கம்.

கேட்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றபோதுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருவார். 2022இல் ஒரு நாள் அரசு விதிமுறைக் காகிதம் ஒரு கட்டு கொண்டுவந்து இரண்டு செட் போடச் சொன்னார். "என்னங்க சார் இது?" என்றேன். "கிராமத்துல கிராம சபை நடக்குதில்ல, அது மாதிரி நம்ம வார்டுக்கும்மா" என்றார். அவருக்கு இரண்டு செட் போட்டுவிட்டு எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். அன்று இரவு முழுக்கப் படித்தேன்.

நகராட்சிகளுக்கான 74வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருக்கும் நகரத்தில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவும் பகுதி சபாவும் வேண்டும் என்று சட்டம் போட்டது 2010இல். அதற்கான விதிகள் வந்தது 2022இல். கிராமத்துக்காரர்கள் இத்தனை வருஷமாகத் தரையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டுக்கொண்டிருக்க, நகரத்தில் இருக்கும் நாம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறோம். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

விதி எளிமையானதுதான். சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதியாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர். எங்கே தண்ணீர் வரவில்லை, எங்கே விளக்கு இல்லை, எந்த வேலை முதலில் வேண்டும் என்று சபை சொல்லும். கவுன்சிலர் தலைமையில் இருக்கும் வார்டு குழு அதை எடுத்து வார்டுக்கான திட்டமாக ஆக்கும். குடியரசு தினம், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள் என்று வருஷத்துக்கு நான்கு முறை கூட வேண்டும். எங்கள் தெருவில் ஏரியா சபா என்றுதான் சொல்கிறோம்.

முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று. பள்ளிக்கூட வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். முப்பது பேர் இருப்போம். அதில் பாதி கட்சிக்காரர்கள், மீதி பெரும்பாலும் சுய உதவிக் குழுப் பெண்கள். வரவேற்புரையே அரை மணி நேரம் போனது. அப்புறம் ஒரு அக்கா எழுந்து குழாய்த் தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்றார். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, இங்கே மழைநீர் வடிகால் மட்டும்தான் பேசலாம் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. "எங்களுக்கு எல்லாம் ஒரே கவர்மெண்டுதானேப்பா" என்றார் அந்த அக்கா. அவர் சொன்னதுதான் நியாயம். பிரிவு பிரிவாக ஆபீஸ் வைத்திருப்பது அவர்கள் வசதிக்கு. ஒரே மேன்ஹோல் பொங்கினால் அது எந்த ஆபீஸ் மேன்ஹோல் என்று மூடியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மக்கள் வேலையா? பல கூட்டம் கழித்து, வாரியத்திலிருந்தும் ஓர் ஆள் வர வேண்டும் என்று நாங்கள் எழுதி வாங்கினோம். ஓரிரு முறை வந்தார்கள்.

அன்றைக்கு நான் பேசவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் எழுந்து நின்றால் அது இன்னொரு புலம்பலாகத்தான் போகும் என்று தோன்றியது. மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகுதான் அளக்கலாம் என்று முடிவு செய்தேன். எதிர்வீட்டு அண்ணன் கொத்தனார். தண்ணீர் ஊற்றிய ட்யூபை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். ட்யூபின் ஒரு முனையை நான் ரோட்டில் பிடிக்க, மறுமுனையை அவர் வீட்டுக்குள் தரையில் பிடிப்பார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை அசையக் கூடாது. பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா இஞ்ச் டேப்பை வைத்து இரண்டு பக்கமும் அளந்து சொல்லச் சொல்ல, என் மகள் நோட்டில் எழுதினாள். ஒவ்வொரு வீட்டிலும் எங்களைப் பார்த்ததும், 2015இல் தண்ணீர் எதுவரை நின்றது, 2023இல் எதுவரை என்று சுவரில் கறையைக் காட்டினார்கள். ஒரு வீட்டில் தாத்தா ஒருவர் பென்சிலால் தேதியே போட்டு வைத்திருந்தார். மதியத்துக்குள் 22 வீடு முடித்தோம். 17 வீட்டின் தரை ரோட்டைவிடத் தாழ்வு. மிக ஆழமான வீடு 19 அங்குலம். எங்கள் வீடு 7.

கதவு எண், தரை மட்டம், ரோடு மட்டம், வித்தியாசம், இரண்டு வெள்ளத்திலும் ஏறிய தண்ணீர் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டேன். கூடவே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் கொடுத்த உத்தரவைப் பற்றிய செய்தியையும் தேடி எடுத்து இணைத்தேன்.

2024 ஜனவரி 26, கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் கூட்டம். என் முறை வந்ததும் அட்டவணையை வாசித்தேன். வந்திருந்த உதவிப் பொறியாளர் சின்னப் பெண். தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "மட்டம் யாரு பார்த்தது?" என்று கேட்டார். கொத்தனார் அண்ணன் கையைத் தூக்கினார். ரோட்டின் எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள், நடுவிலிருந்தா ஓரத்திலிருந்தா என்று அவரிடம் கேட்டார். ஓரத்திலிருந்து என்றதும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அண்ணனின் முகம் மாறியதைப் பார்த்தேன். நாற்பது வருஷம் கட்டட வேலை செய்தவரிடம் ஒரு பொறியாளர் அரசாங்கக் கூட்டத்தில் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்.

கூட்டம் முடியும்போது தீர்மான நோட்டில் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். "மேற்படி தெருவில் சாலை வசதி செய்து தருமாறு பொதுமக்கள் கோரினர்" என்று இருந்தது.

இருபது நிமிஷம் பேசியது அந்த ஒரு வரியாக ஆகிவிட்டிருந்தது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, வழக்கமாக அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த வரிப்படி வேலை நடந்தால் ஆறாவது ரோடு ஐந்தாவதின் மேல் வந்து உட்காரும். கோரிக்கை நிறைவேறியது என்று கோப்பையும் முடித்துவிடுவார்கள். நான் மனு அடிக்கிற ஆள். ஒரு வார்த்தை மாறியதால் உதவித்தொகை நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் விடவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்: "சாலையைப் புதுப்பிக்கும்போது, வீடுகளின் நிலைப்படி வரை முழு அகலத்துக்கும் பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் எனவும், சாலையின் தற்போதைய உயரம் எக்காரணம் கொண்டும் கூடக் கூடாது எனவும் தீர்மானிக்கப்பட்டது. 22 வீடுகளின் மட்ட அளவு இணைப்பு." முன்வரிசையில் ஒருவர், "டைம் ஆகுதும்மா" என்றார். பின்னால் இருந்த பெண்கள், "எழுதட்டும் சார்" என்றார்கள். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு நகல் எடுத்துக்கொள்ள அனுமதியும் வாங்கினேன்.

நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது, தேர்தல் விதிமுறையில் எல்லாம் நின்றது. செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் மில்லிங் மெஷின் வந்து நின்றது. தெருவே வெளியில் வந்துவிட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மெஷின் நடுத்தெருவைச் சுரண்டிக்கொண்டே போனது, ஆனால் இரண்டு ஓரத்திலும் இரண்டடி அகலத்துக்கு அப்படியே விட்டுவிட்டது. வாசற்படி, மின்கம்பம், குழாய் மூடி இருக்கும் இடத்துக்கு மெஷின் போகாதாம். ஓரம்தானே எங்கள் வாசல்! மேற்பார்வையாளரிடம் போய் நகலைக் காட்டினேன். 'முழு அகலத்துக்கும்' என்ற வார்த்தையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் மேலே கேட்கச் சொன்னார். பதினொன்றரை மணிக்குப் பொறியாளருக்குப் போன் செய்தோம். ஸ்கூட்டியில் வந்தார், பார்த்தார், வேலையை நிறுத்தச் சொன்னார். மறுநாள் பிரேக்கர் கொண்டுவந்து ஓரத்தை உடைத்து எடுத்தார்கள். உடைந்து விழுந்த தார்க் கட்டி ஒன்றைக் கழுவி வீட்டில் வைத்திருக்கிறேன். நாலு விரல் தடிமன்.

ரோடு போட்டு முடித்ததும் அதே ட்யூப், அதே இஞ்ச் டேப். 7 அங்குலம் 7 அங்குலமாகவே இருந்தது. 19, 19ஆகவே இருந்தது. அம்மா வாசலில் நின்று, "படி வெளிய வரலியேடி" என்றார். வரவில்லை. அதற்கு இன்னும் நான்கு ரோட்டைத் தோண்ட வேண்டும். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து, ரோடு போட்ட பிறகும் யாரும் தடுப்புக்கு மேல் செங்கல் வைக்காதது இந்த முறைதான்.

சபையில் எனக்குக் குறைகளும் உண்டு. பகுதிக்கு ஒரு பிரதிநிதி என்று வார்டு குழுவில் உட்கார்பவரை மாநகராட்சி மன்றம்தான் நியமிக்கிறது. அந்தப் பகுதி மக்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தால் என்ன? காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்களும் ஹார்பரில் கூலி வேலைக்குப் போகிறவர்களும் எப்படி வருவார்கள்? கூட்டம் நடக்கும் நான்கு நாளில் இரண்டுதான் விடுமுறை. எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், பலருக்கு ஓட்டு வேறு எங்கேயோ. வெள்ளம் ஓட்டுப் பார்த்தா ஏறுகிறது? கால்வாய் ஓரத்திலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிலிருந்து என் கடைக்கு இன்னும் மனு எழுத வருகிறார்கள். அவர்கள் எந்தச் சபையில் போய் உட்காருவது?

இன்னொன்று மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ரோட்டின் உயரத்தைச் சபையில் பேசி நிறுத்திவிட்டோம். கொடுங்கையூரை என்ன செய்வது? வட சென்னையோடு மத்திய சென்னையின் குப்பையும் பல பத்து வருஷமாக அங்கேதான் வந்து விழுகிறது. அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மனிதச் சங்கிலி நடந்தது. நானும் மகளும் போய் நின்றோம். எனக்கு வலது பக்கம் நின்ற பெண்ணின் கையில் இன்ஹேலர் இருந்தது. அத்தனை பெரிய முடிவு எந்தச் சபையின் நோட்டிலும் முதலில் எழுதப்படவில்லை. நாலு தெருவைப் பாதிக்கும் ரோட்டுக்கு எங்களைக் கேட்க வேண்டும் என்றால், நாலு லட்சம் பேர் மூச்சு விடும் காற்றுக்கும் கேட்கத்தான் வேண்டும். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே கொடுக்கப் போகிறேன். எங்கள் அதிகாரத்தில் வராது என்று பதில் வரும். அந்தப் பதிலும் நோட்டில் ஏறட்டும்.

அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸ் இன்று காலையில் 150 அடித்தேன். வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல் ரேஷன் கடை, டீக்கடை, பால் பூத், தண்ணீர் லாரி நிற்கும் இடம் எல்லாவற்றிலும் தையல்கார அக்காவும் மகளும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேரத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அதனால் நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், தெரிந்ததும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். முதல் பொருள், புது ரோட்டின் ஓரத்தில் மழைநீர் இறங்க வைத்திருக்கும் வண்டல் தொட்டிகள். எட்டில் மூன்றுக்குத் தண்ணீரே போவதில்லை, ரோடு அந்தப் பக்கம் மேடாக இருக்கிறது. கொத்தனார் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ட்யூபோடு வருகிறார்.